எலிக்காய்ச்சல் கப்சூலும் வயல் வெயிலும்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் சுகாதார நிருவாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார நிருவாகிகளுக்கும், சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், பொதுச் சுகாதார பரிசோதகர்களுக்கும்,

வணக்கம்.

எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்காக வயல் வேலை செய்வோருக்கு டொக்சிசைக்கிளின் கப்சூல் வழங்கும்போது, அதை விழுங்கிய பின் வெயிலில் நிற்பவரின் தோலுக்கு என்ன நேரக்கூடும் என்பதையும், நேராமல் காத்துக்கொள்வது எப்படி என்பதையும், அவருடைய மொழியில், அவர் கையில் கொடுக்கும் உறையிலேயே எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். அதோடு சேர்த்து, தோல் எரிந்து கறுத்து வருகின்றவரிடம் அவர் உட்கொண்ட மருந்தையும் பூசிய சவர்க்காரத்தையும் பற்றிக் கேட்கும் வழக்கத்தை எல்லா வெளிநோயாளர் பிரிவுகளிலும் ஏற்படுத்த வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். நான் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்தாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நின்றபோது கேட்டவற்றையும், ஓய்வுபெற்ற பின்னர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உறவினர்களின் வயல்களில் பார்த்தவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்சூலை நிறுத்தச் சொல்லி எழுதப்பட்ட மடல் அல்ல இது. எலிக்காய்ச்சல் எவ்வளவு கொடியது என்பதை இந்நாடு நன்கு அறியும். 2008ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதிலும் 7,000க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டனர். 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எலியின் சிறுநீரிலும், மாடு எருமைகளின் சிறுநீரிலும் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, வயல் நீரில் ஊறிப்போன தோலின் வழியாகவும் காலிலுள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகவும் உடலுக்குள் புகுந்து, சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் கெடுக்கிறது. அதற்கு எதிராக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் உட்கொள்வதன் பயன், பனாமாவில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படையினர் 940 பேரிடம் நடத்தப்பட்டு 1984இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. மருந்தில்லாத வெறுங்குளிசை பெற்றவர்களில் 20 பேருக்கு நோய் வந்தபோது, மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. இத்தகைய மருந்தை எங்கள் மாவட்டங்களின் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொண்டுவந்து சேர்க்கும் உங்கள் பணியை நான் மனமார மதிக்கிறேன். அந்த மதிப்பினால்தான், அப்பணி எந்த இடத்தில் வீணாகிப்போகிறது என்பதை உங்களிடம் சொல்லவேண்டியவனாக இருக்கிறேன்.

வீணாகும் இடம் இதுதான். கப்சூலை விழுங்கிய மறுநாள் நாள் முழுக்கப் புல் பிடுங்கிய ஒருவருக்கு, மாலையில் புறங்கையும் பிடரியும் மூக்கின் மேற்புறமும் தீப்பட்டது போல எரிகின்றன. அடுத்த நாள் அவ்விடங்கள் வீங்கிக் கறுக்கின்றன. சிலருக்குக் கொப்புளம் எழும்புகிறது. வெயில் ஒவ்வொரு நாளும் படுகிற வெயில்தான். புதிதாக வந்தது குளிசை மட்டுமே என்று அவர் கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதைப் பற்றி எவரும் முன்கூட்டியே ஒரு வார்த்தையும் சொல்லாததால், “இந்தக் குளிசை சூடு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது” என்ற முடிவுக்கு வருகிறார். மிச்சக் கப்சூல்கள் வாடியின் கூரையில் செருகப்படுகின்றன. அவர் சொல்லை நம்பிப் பக்கத்து வயல்காரரும் நிறுத்திவிடுகிறார். தோல் எரிந்தவர் ஒருவர். பாதுகாப்பை இழந்தவர்கள் அந்த வயல் வட்டையிலுள்ள பலர். நான் கண்ட சில பகிர்ந்தளிப்புகளில் உறையின் மேல் எழுதப்பட்டிருந்தவை மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. கொடுத்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு காலைப் பொழுதில் ஒரு வயற்கண்டம் முழுவதற்கும் மருந்து கொடுத்து முடிக்கவேண்டிய ஒருவர் எத்தனை பேரிடம் நின்று பேச முடியும்? ஆகவேதான் எழுத்தில் கேட்கிறேன்.

தோலில் நடப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்களில் வைத்தியர்களுக்கு இது தெரிந்ததே. இம்மடலை வாசிக்கும் விவசாய அமைப்புகளின் செயலாளர்களுக்கும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் 320 முதல் 400 நனோமீற்றர் வரையான அலைநீளமுடைய ‘ஏ’ வகைக் கதிர், தோலின் மேற்படையைக் கடந்து உள்ளே செல்லும். மெல்லிய முகிலும் வாகனத்தின் யன்னல் கண்ணாடியும் அதை முழுமையாகத் தடுப்பதில்லை. குருதியின் வழியாகத் தோலை வந்தடைந்த டொக்சிசைக்கிளின் மூலக்கூறு இக்கதிரை உறிஞ்சி, உறிஞ்சிய ஆற்றலை அருகிலுள்ள ஒட்சிசனுக்குக் கடத்துகிறது. அதனால் உருவாகும் கிளர்ந்த ஒட்சிசன் தோற் கலங்களைச் சேதப்படுத்துகிறது. இதை ஒளிநச்சு விளைவு என்பர். இதற்கு முன்பழக்கம் தேவையில்லை. முதல் தடவையிலேயே, சில மணி நேரத்திலேயே வரலாம். மருந்தின் அளவு கூடினால் விளைவும் கூடும் என்பதை 1993இல் பிரித்தானியத் தோல் வைத்தியர்கள் எழுதிய ஆய்வொன்று காட்டியது. அவர்கள் பார்த்தது நாள்தோறும் மருந்து உட்கொண்டவர்களை. வாரத்துக்கு ஒருமுறை எடுப்பவருக்கு ஆபத்து அதைவிடக் குறைவு. ஆயினும், நாள் முழுவதும் திறந்த வெளியில் நிற்பவருக்கு அது இல்லையென்று ஆகிவிடாது.

எங்கள் ஒளியையும் நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எட்டுப் பாகைக்கும் உட்பட்ட தூரத்தில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணியிலும் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறான். சிறுபோகத்தின் விதைப்பும் அறுவடையும் ஏறத்தாழ இவ்விரு காலங்களை ஒட்டியே நடக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உன்னிச்சை, நவகிரி, கல்லோயாக் குளங்களின் நீரை நம்பி நடக்கும் வயல்களில், ஒருவர் முழங்கால் வரை எலிக்காய்ச்சலின் நீரிலும், முழங்காலுக்கு மேல் கடும் வெயிலிலும் ஒரே நேரத்தில் நிற்கிறார். நீர்தான் அவருக்கு இந்த மருந்தைத் தேவையாக்குகிறது. வெயில்தான் அந்த மருந்தை அவருக்குத் தொல்லையாக்குகிறது. பனாமாக் காட்டுக்கும் எங்கள் வட்டைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. காட்டு நிழலில் சட்டையும் தொப்பியும் அணிந்து நடந்த படைவீரருக்கு இல்லாத இடைஞ்சல், வெறும் மேலோடு வரம்பு வெட்டும் எங்கள் மனிதருக்கு உண்டு.

இன்னொரு காரணமும் எங்கள் மக்களிடம் இவ்விளைவு அடையாளம் காணப்படாமற் போவதற்குத் துணைசெய்கிறது. மருத்துவப் பாடநூல்களின் படங்களில் வெயிலால் வெந்த தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. எரிவு, வீக்கம், ஊதா கலந்த கருமை, பின்னர் மாதக்கணக்கில் மறையாத கரும்படை என்றுதான் அது எங்களிடம் தோன்றும். ஆகவே “வெயிலில் நின்றால் கறுக்கத்தானே செய்யும்” என்ற ஒரு வாக்கியத்தோடு அவர் திருப்பி அனுப்பப்படுகிறார். கறுப்புத் தோல் ஓரளவு பாதுகாப்பைத் தருகிறது என்பது உண்மை. முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. நகங்களையும் பார்க்க வேண்டும்: டொக்சிசைக்கிளின் எடுத்தவரின் விரல் நகம், ஒளி பட்டதனால் அடிச்சதையிலிருந்து நுனிப்பக்கமாகப் பிரிந்து, வலியோடு வெளுத்துத் தெரியலாம். வயலில் அடிபட்டதாகவே அதை அவர் எண்ணிக்கொள்வார். நாமும் அப்படியே எண்ணிவிடுவோம்.

தோலில் கரும்படை எழுந்தவுடன் எங்கள் ஊர்களில் வேறோர் அச்சமும் எழுகிறது. மாந்தீவு எங்கள் வாவியின் நடுவில் இருக்கிறது. தொழுநோயாளர் அங்கு கொண்டுசெல்லப்பட்ட காலத்தின் நினைவு குடும்பங்களுக்குள் இன்னும் மறையவில்லை. முகத்தில் படை வந்த ஒரு பெண்ணை உறவினர் ஒதுங்கி நின்று பார்ப்பதையும், அந்தப் பார்வைக்குப் பயந்து அவள் கிளினிக்குக்கே வராமல் இருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். தொழுநோயின் தேமல் பெரும்பாலும் உணர்ச்சியற்றது; கடிப்பதுமில்லை, எரிவதுமில்லை. ஒளியினால் வரும் புண் எரியும், கடிக்கும். உடுப்பு மூடிய இடத்தின் விளிம்பில் கோடு போட்டது போல் நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை மருத்துவ மாதர்களும் விவசாய அமைப்பினரும் அறிந்திருந்தால் எத்தனையோ வீடுகளின் மனவேதனை குறையும். உணர்ச்சியற்ற தேமல் உள்ளவரும் உரிய வேளையில் சிகிச்சைக்கு வந்து முற்றாகக் குணமடைவார்.

இனி, சவர்க்காரத்தின் பக்கம் வருகிறேன். இங்கே நடப்பது சற்று வேறு. ஒளி பட்டபோது ஒரு வேதிப்பொருள் தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்து உருமாறி, உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியன் என்று நினைவில் வைத்துக்கொள்வதே ஒளி ஒவ்வாமை. இது எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவருக்கு முதல் தடவை எதுவும் தெரியாது. பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் கடியும் நீர்க்கசிவும் கொண்ட கரப்பன் போலத் தோன்றும். ஒளி படாத இடத்துக்கும் பரவலாம். சல்பனிலமைட் என்னும் மருந்தைக் கொண்டு ஸ்டீபன் எப்ஸ்டைன் என்ற தோல் வைத்தியர் 1939இலேயே இவ்விரு விளைவுகளையும் பிரித்துக் காட்டினார். எனினும் உலகம் அதன் கனத்தை உணர்ந்தது 1960இன் பின்னர்தான். இங்கிலாந்தில் கிருமிகளைக் கொல்லும் என்று சொல்லி, டெட்ராகுளோரோசாலிசிலனிலைட் என்ற பொருளைக் கலந்த சவர்க்காரங்கள் விற்பனைக்கு வந்தன. சிறிது காலத்துக்குள் முகமும் கழுத்தும் புறங்கைகளும் புண்ணான மனிதர்கள் வைத்தியர்களிடம் வரத் தொடங்கினர். வில்கின்சன் என்ற தோல் வைத்தியர் 1961இல் அச்சவர்க்காரமே காரணம் என்று எழுதினார். ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ட்ரைபுரோம்சலானும், வேறு வகையைச் சேர்ந்த பைதியனோலும் அதே தீங்கைச் செய்தன. ஒன்றுக்கு ஒவ்வாமை கொண்டவரின் தோல் மற்றொன்றையும் ஏற்க மறுத்தது. அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் பைதியனோலை 1960களின் பிற்பகுதியிலும், முதலில் சொன்ன குடும்பமான ஆலசன் ஏறிய சாலிசிலனிலைட்டுகளை 1975இலும் ஒப்பனைப் பொருட்களிலிருந்து விலக்கியது.

அந்த வரலாற்றில் என்னை மிகவும் கலங்கச் செய்வது, அப்பொருட்களை விட்டு விலகிய பின்னரும் சிலருக்கு நோய் விலகவில்லை என்பதுதான். சவர்க்காரத்தை நிறுத்தி ஆண்டுகள் கடந்த பின்னும் வெறும் வெயிலே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. நாளெல்லாம் அறைக்குள் இருந்து தொழில் செய்கின்றவருக்கே அது பெரிய துன்பம். வெயிலில் நின்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ள ஒருவருக்கு, கரைவலை இழுப்பவருக்கு, செங்கல் அரிபவருக்கு, கதிர் பொறுக்கும் தாய்க்கு, அது வாழ்வாதாரத்தையே பறித்துவிடும். எனவேதான் காரணத்தை விரைவில் கண்டுபிடிப்பது மருந்து பூசுவதைவிட முக்கியமானது என்கிறேன்.

அந்தப் பழைய பொருட்கள் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. பின்வந்த கிருமிகொல்லிகளான ட்ரைக்ளோசானும் ட்ரைக்ளோகார்பனும் ஒளி ஒவ்வாமையை மிக அரிதாகவே உண்டாக்குபவை. அவற்றின் மேல் அந்தப் பழியை நான் சுமத்தவில்லை. ஆனால் 2016 செப்டெம்பரில் அமெரிக்காவின் அதே நிருவாகம் இவ்விரண்டையும் உள்ளிட்ட 19 பொருட்களை, பொதுமக்கள் நீரோடு சேர்த்துக் கழுவும் கிருமியெதிர்ப்புச் சவர்க்காரங்களிலிருந்து விலக்கியபோது சொன்ன காரணம் எங்களுக்கும் பொருந்தும்: அவை சாதாரண சவர்க்காரத்தையும் நீரையும்விட நோயைத் தடுப்பதில் சிறந்தவை என்றோ, நீண்டகாலப் பாவனைக்குப் பாதுகாப்பானவை என்றோ உற்பத்தியாளர்கள் சான்று காட்டவில்லை. வெள்ளம் வடியும் ஒவ்வொரு மார்கழியிலும் நிவாரணப் பொதிகளோடு எங்கள் ஊர்களுக்குச் சவர்க்காரங்கள் வந்து சேர்கின்றன. அவற்றை வாங்கும் நிறுவனங்கள் “கிருமியைக் கொல்லும்” என்ற எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்பதை நீங்கள் எழுத்தில் அறிவித்தால் நன்று. அந்தப் பணத்துக்கு இன்னும் சில கட்டிகள் கூடுதலாக வாங்கலாம்.

ஒளியும் ஒரு பொருளும் சேர்ந்து தோலை மாற்றும் என்ற செய்தி எங்கள் மக்களுக்கு அந்நியமானதன்று என்பதையும் சொல்லவேண்டும். வெண்படைக்குக் கார்போகரிசியைப் பூசி இளவெயிலில் இருத்தும் முறையை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அந்த விதையிலுள்ள சொராலென் ஒளியோடு சேர்ந்து தொழிற்படுவதே அதன் இரகசியம். தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்றால் கறுப்புக் கோடுகள் விழும் என்பதைப் பலரும் தங்கள் கையிலேயே கண்டிருப்பார்கள். ஆகவே இதை விளக்குவதற்குப் பெரிய அறிவியல் தேவையில்லை. “தேசிக்காய்ப் புளியில் வெயில் பட்டால் தோல் கறுக்கிறதல்லவா, அதுபோல இந்தக் குளிசையும் சிலருக்குச் செய்யும்” என்று ஒரு பரிசோதகர் வரம்பில் நின்று சொன்னால், கேட்பவர் உடனே விளங்கிக்கொள்வார்.

உறையில் என்ன எழுதலாம் என்பதற்கு நான் ஒரு வாசகத்தைத் தருகிறேன். வைத்தியர்கள் திருத்திக்கொள்ளட்டும். “இது எலிக்காய்ச்சலைத் தடுக்கும் மருந்து. வாரத்தில் ஒரு நாள், இரண்டு கப்சூல்களை இராச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கியவுடன் படுக்க வேண்டாம். பால், இரும்புச் சத்துக் குளிசை, வயிற்றெரிவுக் குளிசை ஆகியவற்றோடு சேர்த்து எடுக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் எடுக்கக் கூடாது. எடுத்தபின் வரும் ஓரிரு நாட்களில் வெயில் பட்டால் சிலருக்குத் தோல் எரியும், வீங்கும், கறுக்கும். நீளக் கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணியுங்கள், பிடரியை மூடுங்கள். எரிந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள். காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்பன கண்டால், இந்த மருந்து எடுத்திருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.” இவ்வளவும் ஒரு சிறு தாளில் அடங்கும். கொட்டை எழுத்தில், தமிழில் இருந்தால் போதும். சிங்களக் கிராமங்களுக்குச் சிங்களத்தில். வாசிக்க இயலாதவர்களுக்காக, வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானைமார் கூட்டத்தில் ஒருமுறை உரக்க வாசித்துவிடலாம்.

இராச் சாப்பாட்டுக்குப் பின் என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. இம்மருந்தின் அளவு குருதியில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 16 முதல் 22 மணி நேரம் செல்கிறது. விடியற்காலையில் விழுங்கிவிட்டு வயலில் இறங்குபவரின் உடலில், உச்சிவெயில் நேரத்தில் மருந்து ஏறத்தாழ முழு அளவில் நிற்கும். வயலுக்குப் போகாத நாளுக்கு முந்திய இரவில் எடுப்பவருக்கு, மறுநாள் வீட்டு நிழலிலேயே அதன் பெரும்பகுதி கழிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக வேலையை விடும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று விவசாயிகளுக்கு வியாழன் இரவு பொருந்தலாம். மற்ற ஊர்களில் ஊர்ச் சடங்கையும் கோயிலையும் பார்த்து அவரவர் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு மாறாத வரை, எந்த நாள் என்பதை மக்களின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பதற்கு எந்தச் செலவுமில்லை. இது நோயைத் தடுக்கும் திறனைக் குறைக்குமா என்பதை உங்கள் தொற்றுநோய்த் தடுப்பு வைத்தியர்கள் பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். என் வாசகத்தை அப்படியே அச்சிடச் சொல்லி நான் கேட்கவில்லை.

வெளிநோயாளர் பிரிவுகளைப் பற்றியும் பேச வேண்டும். ஒளி பட்ட இடத்தில் மட்டும் புண்ணோடு ஒருவர் வந்தால், நாடிக்குக் கீழும் காதின் பின்னாலும் மேல் இமையிலும் தோல் தப்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். தப்பியிருந்தால் காரணம் ஒளி என்பது பெரும்பாலும் உறுதி. அடுத்த அரை நிமிடத்தில் கேட்கவேண்டியவை: என்ன குளிசை எடுக்கிறீர்கள், எப்போதிருந்து, என்ன சவர்க்காரம், என்ன கிறீம். டொக்சிசைக்கிளின் மட்டுமன்றி சல்பா மருந்துகளும், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசினும் நலிடிக்சிக் அமிலமும் இதைச் செய்யும். கிருமிக்கெதிரான மருந்துகளோடு இது நின்றுவிடுவதுமில்லை: குருதி அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதையசைட்டும், மூட்டுநோவுக்குத் தடவும் கீட்டோபுரோபன் களிம்பும் செய்யும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி இவற்றில் இரண்டை ஒரே வாரத்தில் பயன்படுத்துவது அரிதானதல்ல. கேட்டறிந்ததை அவருடைய கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டால், அடுத்த மருந்தாளர் அதைப் பார்த்துக்கொள்வார். இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: கொப்பியில் எழுதப்படாத ஒவ்வாமை மருந்து யன்னலில் எவருக்கும் தெரியவராது.

காரணம் கேள்வியால் மட்டும் தெளிவாகாதபோது ஒளி ஒட்டுச் சோதனை என்றொரு முறை இருக்கிறது. சந்தேகத்துக்குரிய பொருட்களை முதுகில் இரண்டு வரிசையாக ஒட்டி, ஒன்று அல்லது இரண்டு நாட்களின் பின் எடுத்து, ஒரு வரிசைக்கு மட்டும் அளவிட்ட புற ஊதா ‘ஏ’ கதிரைப் பாய்ச்சி, மற்றதை மூடி வைப்பார்கள். ஒளி பட்ட வரிசையில் மட்டும் தடிப்பெழுந்தால் குற்றவாளி பிடிபட்டுவிடும். இச்சோதனை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் முறைப்படி, ஒழுங்காக நடைபெறுவதற்கான ஏற்பாட்டை உறுதிசெய்யுங்கள். பொத்துவிலிலோ வாகரையிலோ இருந்து ஒருவர் ஒரே சோதனைக்காகப் பல தடவை கொழும்புக்குப் போய்வர முடியாது; கூலியும் போய், பஸ் காசும் போய், பாதியிலேயே விட்டுவிடுவார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீட மாணவர்களை ஒரு போகத்துக்கு வயல்களுக்கு அனுப்பி, கப்சூல் எடுத்தவர்களில் எத்தனை பேருக்குத் தோல் எரிந்தது, எத்தனை பேர் அதனால் நிறுத்தினர் என்று எண்ணச் செய்தால், எங்கள் மண்ணுக்கு உரிய எண்கள் எங்களிடமே இருக்கும். படைவீரரிடம் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டே எத்தனை காலம்தான் பேசுவது?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலர்களுக்கும் இம்மடலின் பிரதியை அனுப்புகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உங்கள் பொறுப்பு நுகர்வோரைக் காப்பது. சவர்க்காரத்தின் முகப்பில் “கிருமியெதிர்ப்பு” என்ற சொல் பெரிதாகத் தமிழில் இருக்கும்போது, எந்தப் பொருள் அந்தக் கிருமியை எதிர்க்கிறது என்பது பின்புறத்தில் கண்ணுக்கெட்டாத ஆங்கில எழுத்தில் மட்டும் இருப்பது நியாயமல்ல. அந்த ஒரு பெயரையாவது தமிழ் எழுத்தில் அச்சிடச் செய்யுங்கள். கையில் புண்ணோடு வந்தவர் உறையைக் கொண்டுவந்து காட்டும்போது வைத்தியரும் வாசிக்கலாம், அவருடைய பிள்ளையும் வாசிக்கலாம். பாமசிகளிலும் கடைகளிலும் பெயர்ப்பட்டியலே இல்லாமல் விற்கப்படும் கிறீம் டப்பிகளை அகற்றுவதும் உங்கள் கையில்தான் உள்ளது.

பெரும்போகத்துக்கான விதைப்பு ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் கமநல சேவைகள் நிலையங்களில் நடக்கும் விதைப்புக்கு முந்திய கூட்டங்களில் நீர் திறக்கும் நாளும் விதைநெல்லும் உரமும் பேசப்படும்போது, சுகாதாரத் திணைக்களத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்கித் தரும்படி மாவட்டச் செயலாளர்களிடம் கேளுங்கள். அங்கே வைத்தே அந்தச் சிறு தாளைக் கொடுக்கத் தொடங்கலாம். தமிழ் வாசகத்தைத் திருத்தவும், அச்சிட்ட பின் சரிபார்க்கவும், என்னைப் போல ஓய்வுபெற்ற மருந்தாளர்கள் சிலர் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக இருக்கிறோம். இம்மடல் கிடைத்ததென்றும், இவற்றுள் எதை எந்தப் போகத்தில் செய்ய இயலும் என்றும், இயலாததற்கு என்ன தடை என்றும், விவசாய அமைப்புகளுக்கு எழுத்தில் அறிவிப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
போரதீவுப்பற்று, மட்டக்களப்பு.